வலது ஜன்னலில் இருப்பதே சரி

லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளை ஜன்னல் மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நிஜ ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிப்பறைச் சுவருக்கும் நடுவே, காற்றுகூட யோசித்து வரும் ஒரு மூலை அது. ஜன்னல்கள் இருந்ததெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டரில். அகலமான இரண்டு மானிட்டர்கள், அவற்றில் ஒரே எடிட்டர், அந்த எடிட்டருக்குள் பதினோரு ஜன்னல்கள். எழுத்தைத் தவிர வேறொன்றும் காட்டாத பழைய எடிட்டர். பக்கத்து மேசைக்காரர்கள் அதைப் பார்த்தாலே கண்ணைக் கட்டுகிறது என்பார்கள்.

அவள் வேலை, லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கான பராமரிப்புக் கையேட்டை எழுதித் திருத்துவது. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்தக் கம்பி எத்தனை மாதத்தில் தேயும், கதவு சிக்கிக்கொண்டால் முதலில் எதை அணைக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் ஸ்டோரில் சாமான் பட்டியல் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள். ஒருநாள் கையேட்டில் ஒரு படத்துக்கு வேறு படத்தின் எண் போட்டிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னாள். “அப்ப நீங்களே பாருங்க” என்று அந்த வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு குணம். பொருளைப் பெயரால் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டாள், இடத்தால்தான் வைத்துக்கொள்வாள். வீட்டுச் சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருக்காது. கீழ்த்தட்டில் இடமிருந்து மூன்றாவது உப்பு, நான்காவது சர்க்கரை. யாராவது துடைக்கிறேன் பேர்வழி என்று மாற்றி வைத்துவிட்டால் அன்றைக்கு வீடு ரெண்டுபடும். எடிட்டரிலும் அதே கதைதான். இடது மானிட்டரில் பழைய பதிப்பின் அத்தியாயங்கள், வலது மானிட்டரில் அதே அத்தியாயங்களின் புதிய பதிப்பு, ஜோடி ஜோடியாக. அடியில் குறிப்புகளுக்கென்று ஒல்லியாக ஒரு ஜன்னல். பழையதற்கு வெளிர் மஞ்சள் பின்னணி, புதியதற்கு வெள்ளை. எந்த ஜன்னல் எந்த வரியில் திறந்து நிற்கிறது என்பதுதான் அவளுக்கு நேற்றைய வேலையும் நாளைய வேலையும். “அதை எங்க எழுதி வச்சிருக்கீங்க மேடம்?” என்று யாராவது கேட்டால் இரண்டு மானிட்டரையும் கையால் சுற்றிக் காட்டுவாள்.

அலுவலகத்திலேயே குடியிருக்க முடிந்திருந்தால் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று நிர்வாகம் சலுகை கொடுத்தது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் பிரிவு அந்தச் சலுகையின் கழுத்தைப் பிடித்துத் திருகியது. வெளியிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைய அவர்கள் திறந்து வைத்தது ஒரே ஒரு வாசல். அதில் வெறும் எழுத்துதான் வரும். கறுப்புத் திரை, சாம்பல் எழுத்து, மவுஸ் இல்லை, மஞ்சளும் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஜன்னலும் இல்லை.

எடிட்டர் தன்னால் முடிந்ததைச் செய்தது. மூடும்போது எந்த ஜன்னல் எங்கே இருந்தது என்பதை ஒரு செஷனாகச் சேமித்துக்கொள்ளும். மறுபடி திறந்தால் அப்படியே கொண்டுவந்து வைக்கும். ஆனால் அலுவலகத்தின் அகலத் திரையில் சேமித்ததை வீட்டுக் கறுப்புத் திரையில் திறந்தால் அதற்குக் கை கால் புரியாது. பதினோரு ஜன்னலையும் எண்பது எழுத்து அகலத்துக்குள் திணிக்கப் பார்க்கும். ஒவ்வொன்றும் ஒரு வரி, அரை வரி என்று நசுங்கிப்போய் நிற்கும். அதோடு விட்டதா? அந்த நசுங்கிய கோலத்தையே மூடும்போது சேமித்து வைத்துவிடும். மறுநாள் அலுவலகத்துக்கு வந்து திறந்தால் இரண்டு பெரிய மானிட்டர்களின் ஓரத்தில், ஓரணாவுக்கு வாங்கிய பொட்டலம் மாதிரி அவளுடைய பதினோரு ஜன்னல்களும் ஒடுங்கிக் கிடக்கும். மறுபடி ஒவ்வொன்றாக இழுத்து, விரித்து, வரியைத் தேடி நிறுத்த முக்கால் மணி நேரம். வாரத்துக்கு இரண்டு முறை. எட்டு மாதம் இப்படியே போயிற்று. அழாத குறைதான்.

சிஸ்டம் பிரிவுக்கு நான்கு முறை எழுதினாள். மூன்று முறை பதிலே இல்லை. நான்காவது முறை ஒரு வரி வந்தது: அந்த எடிட்டருக்கு நாங்கள் பொறுப்பல்ல. அவள் அதைக் காகிதத்தில் எடுத்து மானிட்டரின் கழுத்தில் ஒட்டி வைத்தாள். பிறகு தானே உட்கார்ந்து, எடிட்டருக்குக் கட்டளையிடும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். பள்ளிக்கூடத்தோடு கணக்கை முடித்துக்கொண்டவள், எடிட்டரின் உதவிப் பக்கங்களை வரிவரியாகப் படித்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பது வரி எழுதி முடித்தாள். அகலத் திரையில் திறந்தால் ஜோடிகள் இடது வலதாக நிற்கும். கறுப்புத் திரையில் திறந்தால் ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும், மேலே பழையது, கீழே புதியது. திரும்ப அகலத் திரைக்கு வந்தால் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்விடும். முதல்முறை அது வேலை செய்தபோது ஜெராக்ஸ் எடுக்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.

இன்னொரு வசதியையும் செய்துகொண்டாள். ஜன்னலின் அடியில் கோப்பின் பெயரைக் காட்டும் ஒரு வரி உண்டு. வீட்டு மடிக்கணினியில் அது இடத்தை அடைக்கிறது என்று, இரண்டு இடத்திலும் அதை எடுத்துவிட்டாள். மேலும் கீழுமாக இரண்டு வரி கூடுதலாகப் படிக்கலாம் இல்லையா? எது எங்கே இருக்கிறது என்பதுதான் அவளுக்குத் தெரியுமே.

அவளுடைய கணவர் அதே கம்பெனியில் மெக்கானிக். காலையில் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரில் எந்தக் கட்டடத்தின் உச்சியில் இருப்பார் என்று பல நாள் அவருக்கே பத்து மணிக்குத்தான் தெரியும். கையேட்டை எழுதுகிறவளும் அதைப் படிக்க வேண்டியவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆனால் அவர் படிப்பதில்லை. எந்த மெக்கானிக்கும் படிப்பதில்லை. ஸ்பேனரைப் பிடித்த கைக்குத் தெரியாததா காகிதத்துக்குத் தெரியப்போகிறது என்பது அவர்கள் கட்சி. கல்யாணமாகிப் பதினாறு வருடங்களாக அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான்.

“ராப்பகலா உட்கார்ந்து எழுதறேன். ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?”

“பார்க்கணும்னு என்ன இருக்கு? முறுக்கறப்ப கைக்கே தெரியும்.”

“எல்லார் கையும் ஒண்ணா? புதுசா வந்தவன் கைக்கு எப்படித் தெரியும்?”

“அவன் படிக்கட்டும்.”

இந்த இடத்தில் அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

அந்த வருடம் சண்டைக்கு ஒரு முடிவு வந்தது. புது மாடல் லிஃப்ட்டின் பிரேக்கில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அதை எவ்வளவு நீளத்துக்கு இறுக்கி வைக்கிறோமோ அதற்கேற்ற பிடிப்புதான் பிரேக்குக்கு. கையேட்டில் அறுபத்திரண்டு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. வெளியூரில் ஒரு கட்டடத்தில் முழு பாரம் ஏற்றிச் சோதித்தபோது லிஃப்ட் நின்ற இடத்திலிருந்து மெல்ல வழுக்கி இறங்கியிருக்கிறது. நல்லவேளை, ஏற்றியிருந்தது மணல் மூட்டை. பொறியாளர்கள் கூடிப் பேசி, இன்னும் இறுக்க வேண்டும், ஐம்பத்தாறுதான் சரி என்று முடிவு சொன்னார்கள். அந்தச் சுற்றறிக்கை அவள் மேசைக்கு வந்த அன்று மாலை கணவரிடம் காட்டினாள். பழைய மாடலில் பழகிய கைக்குப் புது ஸ்பிரிங்கின் பிடிப்பு தெரியாது என்று, எண்ணைப் போடாமல், புதிய அளவுக்குக் கையேட்டின் அடுத்த பதிப்பைப் பார்க்கவும் என்று அதில் அச்சடித்தே போட்டிருந்தார்கள். அவர் இரண்டு முறை படித்தார். அதை மடித்து அவளிடமே நீட்டினார்.

“சரி விடு. புது புக்கு வரட்டும். இனிமே அதுல என்ன போட்டிருக்கோ அதுபடியே வைக்கிறேன். கையைக் கேட்கல, போதுமா?”

அவளுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஐந்து அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருந்தது. பிரேக் அத்தியாயத்தில் மட்டும் அந்த ஒரு அளவு பதினேழு இடங்களில் வந்தது. அட்டவணையில், படத்தின் அடியில், எச்சரிக்கைக் கட்டத்தில். அதைச் செய்துகொண்டிருந்த வாரத்திலா மாமனாருக்குக் கண் ஆபரேஷன் வர வேண்டும்? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. கணவர் ஏதோ ஒரு மாடியில். மகளுக்குப் பரீட்சை. ஆக அந்த வாரம் முழுக்க அவள் சாப்பாட்டு மேசையில் கறுப்புத் திரையின் முன்னால்.

மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து பின்னால் நின்று பார்த்தார்.

“என்னம்மா, படம் வரலையா? கெட்டுப்போச்சா?”

“இல்ல மாமா. இது இப்படித்தான் வரும்.”

“எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு பார்த்தேன். உனக்குமா?”

சிரிப்பதா எரிந்து விழுவதா என்று தெரியாமல், சொட்டு மருந்தை எடுத்து அவரை அண்ணாந்து பார்க்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை பிற்பகல் எல்லாம் முடிந்தது. ஐந்து ஜோடிகளையும் மேலும் கீழுமாக வைத்து ஒருமுறை முழுதாகச் சரிபார்த்து, வழக்கம்போல் ஒவ்வொன்றிலும் கர்சரை மேல் ஜன்னலில் நிறுத்தினாள். மூடுவதற்கு முன் பிரேக் அத்தியாயத்துக்கு மறுபடி போனாள். தேவையே இல்லை. கீழ் ஜன்னலில் கர்சரை வைத்து அந்த அட்டவணையை இன்னொரு முறை பார்த்தாள். ஐம்பத்தாறு. தன் வீட்டுக்காரர் படிக்கப்போகும் முதல் பக்கம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மூடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமனாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்துவிட்டாள். கணவர் ஷூ போட்டுக்கொண்டே கேட்டார்.

“புது புக்கு எத்தனை மணிக்கு வரும்?”

“ஒன்பதரைக்கெல்லாம் உங்க போன்ல இருக்கும். ஏன்?”

“பத்து மாடி ஃபிளாட் ஒண்ணுல பிரேக் பார்க்கணும். புது மாடல். பார்த்துத்தான் செய்வேன், பயப்படாதே.”

அலுவலகத்தில் ஒன்பது இருபதுக்கு எடிட்டரைத் திறந்தாள். பதினோரு ஜன்னல்களும் இரண்டு மானிட்டர்களிலும் தாமாகவே போய் உட்கார்ந்தன. முக்கால் மணி நேர வேலை, இரண்டு நொடியில். மஞ்சள் நிறத்தை மட்டும் காணோம். கறுப்புத் திரைக்கு நிறம் தெரியாதாகையால், ‘நிறம் இல்லை’ என்றே ஸ்கிரிப்ட் சேமித்து வைத்திருந்தது. போனால் போகிறது, இடம் சரியாக இருக்கிறதே என்று நினைத்தாள். ஒரு விசையைத் தட்டினால் வலது ஜன்னலில் இருக்கும் அத்தியாயம் புதிய பதிப்பாக மெக்கானிக்குகளின் போன்களுக்குப் போய்விடும். ஐந்து ஜோடி, ஐந்து தட்டு. நேற்றே சரிபார்த்ததை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும்? தட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள். அன்று டீக்கடைக்காரரிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

பன்னிரண்டரை மணிக்குத் திருத்தப் பட்டியலை எழுதி முடிக்க வேண்டி, பிரேக் அத்தியாயத்தில் பக்க எண் பார்க்கத் திரும்பினாள். வலது ஜன்னலில் அட்டவணை. அறுபத்திரண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அறுபத்திரண்டுதான். இடது ஜன்னலைப் பார்த்தாள். ஐம்பத்தாறு.

கோப்பின் பெயரைக் கேட்டுத் தட்டினாள், வலது பக்கம் நின்றது பழைய பதிப்பு.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடங்கூட ஆகவில்லை, எழுதியவள் அவள்தானே. அவளுடைய ஸ்கிரிப்ட் எடிட்டரிடம் ஜன்னல்களின் பட்டியலைக் கேட்கும். முதலில் வருவதை இடது பக்கம், அடுத்ததை வலது பக்கம் வைக்கும். எடிட்டரோ பட்டியலை எப்போதும் கர்சர் நிற்கும் ஜன்னலிலிருந்து ஆரம்பிக்கும். மற்ற நான்கு ஜோடிகளில் கர்சர் கடைசியாக மேல் ஜன்னலில் நின்றிருந்தது. பிரேக் அத்தியாயத்தில் மட்டும், ஆசையாக ஒருமுறை பார்த்தாளே, அதனால் கீழே இருந்தது. புதியது இடது பக்கம் போயிற்று, பழையது வலது பக்கம் வந்தது. மஞ்சள் இருந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். பெயர் வரி இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டையும் ஒழித்துக் கட்டியது யார்? எட்டு மாதமாக எவன் எவனையோ திட்டினாளே, இப்போது திட்ட ஒருவனும் இல்லை.

சரியான அத்தியாயத்தை உடனே அனுப்பினாள். ஆனால் ஏற்கெனவே இறக்கிக்கொண்ட போனில், மறுபடி புதுப்பிக்கும்வரை பழையதுதான் இருக்கும். கணவருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. லிஃப்ட் குழிக்குள் இருப்பவருக்கு ஏது சிக்னல்? சிஸ்டம் பிரிவை அழைத்தாள். அங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவர், ஐம்பதைத் தாண்டியவர், எதற்கும் பதறாதவர்.

“சார், காலையிலேர்ந்து பிரேக் சாப்டர் யார் யார் போன்ல இறங்கியிருக்குன்னு உடனே பார்த்துச் சொல்லுங்க.”

“லாக் எடுக்கணும்னா எங்க புகார்ப் படிவத்துல ஒரு டிக்கெட் போட்டுடுங்க மேடம்.”

“சார், உயிர் போற விஷயம் சார்!”

“அப்ப டிக்கெட்ல ‘அவசரம்’னு ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் பண்ணிடுங்க.”

போனை வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கி அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அங்கிருந்தவர்கள், ஜன்னல் மேடம் மேசையை இரண்டு கையாலும் அறைந்தார் என்றார்கள். அவர் டிக்கெட் இல்லாமலே லாக்கை எடுத்து, இறக்கியவர்களின் பதிவைப் பார்த்தார். மூன்று போன்கள்.

“எப்படி மேடம் மாறிச்சு?”

“என் தப்பு சார்.”

“அந்த எடிட்டர்தானே? அதுக்கு நாங்க...”

“தெரியும் சார், பொறுப்பில்ல!”

முதல் மெக்கானிக் உடனே எடுத்தார். “வந்திருக்கும் மேடம், நான் திறக்கவே இல்லையே. அதெல்லாம் நாங்க எங்க பார்க்கறோம்?” என்று வெள்ளந்தியாகச் சிரித்தார். தன் கையேட்டை ஒருவர் படிக்கவில்லை என்பதற்காக அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். இரண்டாவது ஆள் லீவில் இருந்தார். போன் தானாக இறக்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது எண் அவளுக்கு மனப்பாடம்.

மேலாளரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, “எந்தக் கட்டடம்?” என்று மட்டும் கேட்டார். பத்து மாடி ஃபிளாட் என்றதும் வேலைப் பட்டியலைப் பார்த்து விலாசம் எழுதிக் கொடுத்தார். வாடகைக் காரில் இருபது நிமிடம். ஒவ்வொரு சிக்னலிலும் போன் போட்டாள். அதே இனிமையான குரல். அதன் குரல்வளையை நெரிக்கலாம் போல இருந்தது. குழியில் என்றால் அவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுதான் வேலை செய்வார். பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் அது அவருக்குத்தான். அதற்குப் பிறகு ஏறுகிற யாருக்கும். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “ஆஸ்பத்திரியாம்மா?” என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாமல்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ‘வேலை நடக்கிறது’ பலகையை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதாவது வேலை முடிந்துவிட்டது. லிஃப்ட் கீழே கதவைத் திறந்துகொண்டு நின்றது. யாரோ குடிவருகிறார்கள் போலிருக்கிறது. இரண்டு ஆட்கள் தள்ளுவண்டியில் ஒரு இரும்பு பீரோவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட்டுக்குள் பாதி ஏற்றியிருந்தார்கள். பின்னால் துணி மூட்டையோடு ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

“ஏத்தாதீங்க! வெளிய எடுங்க!”

அவள் கத்திய கத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது. வண்டியைப் பிடித்து இழுத்தாள். ஆட்கள் திகைத்துப்போய் வெளியே எடுத்தார்கள். கதவு மூடப் பார்த்தது. செருப்புக் காலை வாசற்படியில் வைத்தாள். கதவு வந்து இடித்துத் திரும்பத் திறந்தது. கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் நகராது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியவள் அவள்தான்.

வாட்ச்மேன் ஓடி வந்தார்.

“யாரும்மா நீங்க? லிஃப்ட் இப்பத்தான் சரியாச்சு. ஏன் வழியை மறிக்கிறீங்க?”

“சரியாகல. மெக்கானிக் எங்க?”

“மேல மெஷின் ரூம்ல சாமானை எடுத்து வச்சிட்டிருக்காரு. நீங்க யாருன்னு கேட்டேன்.”

“இந்த லிஃப்ட்டோட புக்கை எழுதினவ.”

“லிஃப்ட்டுக்குப் புக்கா?” என்றார் வாட்ச்மேன்.

அவர் இன்டர்காமில் பத்தாம் மாடி வீட்டை அழைத்து, அந்த வீட்டுக்காரர் மெஷின் ரூமுக்குப் போய்ச் சொல்லி, கணவர் படியிறங்கி வருவதற்குப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. அதுவரை கதவு அவள் காலில் இடித்து இடித்துத் திறந்துகொண்டிருந்தது. பீரோக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர் மூச்சு வாங்க வந்து நின்றதும், ஆள் முழுசாக இருக்கிறாரா என்று தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“நீ எங்க இங்க? அப்பாவுக்கு ஏதாவது...”

“ஸ்பிரிங்கை எத்தனையில வச்சீங்க?”

“புக்குல போட்டிருந்தபடி. அறுபத்திரண்டு.”

“கைக்கு எப்படிப் பட்டுச்சு?”

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார்.

“லூசாத்தான் பட்டுச்சு. இன்னும் மூணு சுத்து இறுக்கலாமான்னுகூட வந்துச்சு. நானும் வாட்ச்மேனும் ஏறி ஓட்டிப் பார்த்தோம், நின்னுச்சு. அப்புறம், நீ எழுதினதாச்சே, நான் யாரு மாத்தறதுக்குன்னு விட்டுட்டேன்.”

பதினாறு வருடம் சண்டை போட்டு வாங்கியது இதைத்தான். அவள் நினைத்திருந்தாள், அந்த வார்த்தையைக் கேட்கிற அன்றைக்கு மனம் குளிர்ந்துவிடும் என்று. இப்போது எதிரே நிற்கிற மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

“என்னங்க, அது பழைய அளவு. நான்தான் மாத்தி அனுப்பிட்டேன். ஜன்னல் இடம் மாறிப்போச்சு, நான் பார்க்கல.”

அவர் பீரோவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். நெற்றியைக் கையால் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

“சரி, காலை எடுக்காதே. மேல போய் மெயினை அணைச்சிட்டுக் குரல் கொடுக்கறேன், அப்புறம் எடு. இப்ப எவ்வளவு வைக்கணும்?”

“ஐம்பத்தாறு.”

“ஐம்பத்தாறு” என்று சொல்லிக்கொண்டே படியேற ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். போனை எடுத்துப் பார்க்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐம்பத்தாறுதானே? பதினேழு இடத்தில் மாற்றியவள், நேற்று ஆசையாகப் பார்த்தவள். ஆனால் இன்று காலையிலும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லையே.

“என்னங்க! நிச்சயமான்னு ஒரு வார்த்தை கேட்க மாட்டீங்களா?”

முதல் மாடித் திருப்பத்திலிருந்து அவர் குரல் வந்தது.

“நீதானேம்மா சொல்ற!”

வாட்ச்மேனும் பீரோக்காரர்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே காலடிச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவள் வாசற்படியில் வைத்த காலை எடுக்காமல், எட்டிய மட்டும் படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி மறுபடி கத்தினாள்.

“கேளுங்களேன்!”